சோலோவுக்கு ஏற்றுவதா, ரிதத்துக்கு இறக்குவதா? கிட்டார் ஆம்ப்புக்கு ஒரு கால் சுவிட்ச்

மஸ்கெலியா பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். தோட்டத்துக் கோயில் திருவிழா, கல்யாண வீடு என்று வாசிக்கிற இசைக்குழுவில் அவர் லீட் கிட்டார். வைத்திருப்பது பழையதாக வாங்கிய 40 வாட் வால்வ் ஆம்ப். ஒரே சேனல், கெய்ன் ஒன்று, மாஸ்டர் வால்யூம் ஒன்று, பின்பக்கம் சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஜாக். "சோலோ வந்தா ஓவர்டிரைவ் பெடலை மிதிக்கிறேன் அண்ணே. கரகரப்புத்தான் கூடுது, சத்தம் கூடல. கீபோர்டுக்கு அடியில போய் மாட்டிக்குது. டவுன்ல ஒரு கடையில 100 வாட் எடுக்கச் சொல்றாங்க. ஆம்ப்புக்குள்ளேயே ஒரு சுவிட்ச் வச்சு, காலால மிதிச்சா சத்தம் ஏறுற மாதிரி செய்ய முடியுமா?"

செய்யலாம் தம்பி. ஆனால் ஆம்ப்பைத் திறக்கிறதுக்கு முன்னால் திறக்காமலே ஆகிற வேலை ஒன்று இருக்கிறது. அதை முதலில் செய்து பாருங்கள். பத்துப் பேர் வந்தால் ஏழெட்டுப் பேருக்கு அதுவே போதும்.

முதலில் அந்த 100 வாட் பேச்சை முடித்துவிடுவோம். 40 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 4 டெசிபல். காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று படவேண்டுமானால் ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பவர் பத்து மடங்கு ஆகவேண்டும். அப்படிப் பார்த்தால் உங்களுக்குத் தேவை 400 வாட். அதைத் தோட்டத்துப் படிக்கட்டில் யார் தூக்குவது? அதுவும் போக, 100 வாட் ஆம்ப் வாங்கி அதே மாதிரி செட் பண்ணினால் ரிதமும் சோலோவும் சேர்ந்தே ஏறும். சோலோ மறுபடியும் கீபோர்டுக்கு அடியில்தான் கிடக்கும். காசை மடியிலேயே வைத்திருங்கள்.

பெடலை மிதித்தும் சத்தம் ஏன் ஏறவில்லை? தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையை நினைத்துக்கொள்ளுங்கள். பீலிக்குக் கீழே ஒரு வாளி. வாளி விளிம்புவரை நிரம்பியாகிவிட்டது. இனி பீலியில் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் வந்தாலும் வாளியில் ஒரு சொட்டும் கூடாது, வெளியே சிந்தும், கால்தான் நனையும். உங்கள் ஆம்ப்பில் கெய்ன் குமிழுக்குப் பின்னால் இருக்கிற வால்வுதான் அந்த வாளி. கெய்னைக் கூட்டி வைத்துக் கரகரப்பாக வாசிக்கிறீர்கள் என்றாலே அது நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். அந்த வழிசல்தான் டிஸ்டார்ஷன். ஆம்ப்புக்கு முன்னால் வைக்கிற பெடல் பீலியைத்தான் திறந்துவிடும். சிந்துவது கூடும், சத்தம் கூடாது. மாஸ்டர் வால்யூம் என்பது வாளிக்கு அடியில் இருக்கிற பைப். சோலோ சத்தம் அங்கேயிருந்துதான் வரவேண்டும்.

க்ளீன் டோனில் வாசிக்கிறவர்களுக்கு இந்தக் கதை பொருந்தாது. அவர்களுடைய வாளி பாதிதான் நிரம்பியிருக்கும், முன்னால் ஒரு பூஸ்ட் பெடல் வைத்தால் சத்தம் நன்றாகவே ஏறும். "எம்எக்ஸ்ஆர் மைக்ரோ ஆம்ப்" மாதிரிப் பெடல்கள் 26 டெசிபல்வரை ஏற்றும். அதே பெடலை உங்கள் ஆம்ப்புக்கு முன்னால் வைத்தால், இப்போது ஓவர்டிரைவில் நடக்கிறதேதான் நடக்கும்.

வீடியோக்களில் இன்னொரு வைத்தியமும் சொல்வார்கள். முதல் வால்வின் கேதோடு ரெசிஸ்டருக்குக் குறுக்கே இருக்கிற கெப்பாசிட்டரைச் சுவிட்ச் வைத்து இணைப்பது, துண்டிப்பது. 12ஏஎக்ஸ்7 வால்வ், 100கே பிளேட் ரெசிஸ்டர், 1.5கே கேதோடு ரெசிஸ்டர் என்றிருந்தால் கெப்பாசிட்டரோடு கெய்ன் 60 சொச்சம், இல்லாமல் 32 அளவில். ஏறக்குறைய 6 டெசிபல் வித்தியாசம். கணக்கு சரிதான். ஆனால் அதுவும் வாளிக்கு மேலே இருக்கிற பீலிதான். உங்களுக்கு உதவாது.

ஆக, கெய்னுக்குப் பிறகு, பவர் வால்வுகளுக்கு முன்னால் கை வைக்கவேண்டும். சென்ட், ரிட்டர்ன் இரண்டும் அந்த இடத்தில்தான் இருக்கின்றன. சென்ட்டில் சிக்னல் வெளியே வரும், ரிட்டர்னில் திரும்ப உள்ளே போகும், இந்தப் பாதைக்குத்தான் லூப் என்று பெயர். பின்பக்கத்தில் கம்பெனிக்காரனே உங்களுக்காக ஒரு கதவு வைத்திருக்கிறான்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். "சோலோவுக்கு எப்படி ஏற்றுவது" என்று கேட்கிறீர்கள். ஏற்றாதீர்கள். ரிதத்துக்கு இறக்குங்கள். ஆம்ப்பைச் சோலோ அளவிலேயே செட் பண்ணுங்கள். மேடையில் அதுக்கு மேல் ஒரு பொட்டும் வேண்டாம் என்கிற அளவு. பிறகு கால் சுவிட்ச் வைத்து அதிலிருந்து 4, 5 டெசிபல் இறக்கி ரிதம் வாசியுங்கள். சோலோ வந்ததும் அந்த இறக்கத்தை விட்டுவிடுங்கள். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்றில்லை.

பவர் கணக்கைப் பாருங்கள். 6 டெசிபல் ஏறவேண்டுமானால் பவர் நான்கு மடங்கு வேண்டும். 40 வாட் ஆம்ப்பில் ரிதமே 20 வாட்டில் ஓடினால் மீதி இருப்பது 3 டெசிபல்தான். அதுக்கு மேல் ஏற்றப் பார்த்தால் பவர் வால்வுகளும் நிரம்பி வழியும், சத்தம் ஏறாமல் மொத்தமாகக் கலங்கும். 4 டெசிபல் இடைவெளி வேண்டுமானால் ரிதம் 16 வாட்டில் நிற்கவேண்டும், 6 வேண்டுமானால் 10 வாட்டில். ரிதத்தை முதலில் காதுக்கு இதமாக வைத்துக்கொண்டு பிறகு சோலோவுக்கு இடம் தேடுகிறவர்கள் எல்லாரும் இங்கேதான் மாட்டுகிறார்கள். மேலேயிருந்து கீழே வந்தால் இடம் தானாக இருக்கும். இன்னொரு லாபம், இறக்குவதற்குக் கரண்ட் வேண்டாம், ஐசி வேண்டாம். இரண்டு ரெசிஸ்டர் போதும். ஏற்றுகிற சர்க்கிட் எதுவானாலும் தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலையும் சேர்த்தே கொடுக்கும்.

பெரிய கம்பெனிகளும் இந்த இடத்தில்தான் கை வைக்கின்றன. மார்ஷல் ஜேவிஎம் 410 ஆம்ப்பில் மாஸ்டர் வால்யூம் இரண்டு உண்டு, காலால் மாற்றிக்கொள்ளலாம்.

பெட்டிக்கு வேண்டிய சாமான்: 10கே லீனியர் பாட் (குமிழ் மாட்டித் திருப்புகிற ரெசிஸ்டர்) ஒன்று, 4.7கே ரெசிஸ்டர் ஒன்று, மோனோ ஜாக் இரண்டு, மிதித்தால் நிற்கிற கால் சுவிட்ச் ஒன்று, ஒரு அலுமினியப் பெட்டி. ஹட்டனில் ஜாக், பாட் கிடைக்கும். நல்ல கால் சுவிட்சுக்குப் பெரும்பாலும் கொழும்பு போகவேண்டியிருக்கும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஏறி இறங்கினால் கிடைத்துவிடும். பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பாவில் செய்யாதீர்கள். நான் செய்து பார்த்திருக்கிறேன். பக்கத்தில் டியூப் லைட் எரிந்தால் டப்பா பாட ஆரம்பித்துவிடும்.

வயரிங் இப்படி. இன் ஜாக்கின் சிக்னல் கால் பாட்டின் மேல் காலுக்குப் போகிறது. பாட்டின் கீழ்க் காலிலிருந்து 4.7கே ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டுக்கு. சுவிட்சில் ஒரு வரிசை மூன்று காலை எடுத்துக்கொள்ளுங்கள். நடுக்கால் அவுட் ஜாக்குக்கு. ஒரு ஓரக்கால் இன் ஜாக்குக்கு நேராக. மற்ற ஓரக்கால் பாட்டின் நடுக்காலுக்கு. இரண்டு ஜாக்கின் கிரவுண்டும் பெட்டியோடு சேரவேண்டும். அவ்வளவுதான். சுவிட்ச் ஒரு பக்கம் நின்றால் சிக்னல் அப்படியே போகும், அது சோலோ. மறுபக்கம் நின்றால் பாட் வழியாக இறங்கிப் போகும், அது ரிதம். ஆம்ப்பின் சென்ட் இந்த இன்னுக்கு, இந்த அவுட் ஆம்ப்பின் ரிட்டர்னுக்கு.

பாட்டைக் கடைசிவரை ஏற்றினால் இறக்கம் பூஜ்யம். முழுசாக இறக்கினால் 10 டெசிபல். சரியாக நடுவில் 3.6. கீழேயிருந்து மூன்றில் ஒரு பங்கில் 5 டெசிபலுக்குச் சற்று மேல். உங்களுக்கு வேண்டிய இடம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கேயோ இருக்கும். அந்த 4.7கே எதற்கு என்று கேட்கலாம். அது இல்லாவிட்டால் மேடையில் யார் காலாவது பட்டு பாட் பூஜ்யத்துக்குப் போய்விடும், ரிதம் வாசிக்கும்போது ஆம்ப் செத்துப்போன மாதிரி இருக்கும். அது இருந்தால் எவ்வளவு இறங்கினாலும் 10 டெசிபலோடு நிற்கும். பாட்டில் "பி" எழுத்துப் போட்டதைக் கேட்டு வாங்குங்கள். இப்போது வருகிற பெரும்பாலான பாட்டுகளில் லீனியருக்கு அதுதான் அடையாளம். வால்யூம் என்று கேட்டால் கடைக்காரர் பழக்கதோஷத்தில் லாக் பாட்டைக் கொடுப்பார். லாக் போட்டால் பூஜ்யத்திலிருந்து 8 டெசிபல்வரை எல்லாமே குமிழின் கடைசிப் பாதிக்குள் நெருக்கிக்கொள்ளும், ஒரு மயிரிழை திருப்பினாலும் தாவும்.

லைட் வேண்டுமானால் சுவிட்சில் இரண்டாவது வரிசையை 9 வோல்ட் பெட்டரி, 4.7கே ரெசிஸ்டர், எல்ஈடி என்று தொடராகக் கட்டுங்கள். சோலோவில் எரியட்டும். ஒன்றரை மில்லி ஆம்பியர்தான் எடுக்கும், சோலோவில் மட்டும் எரிந்தால் பெட்டரி வெகுநாள் ஓடும். பெட்டரி தீர்ந்தாலும் லைட்தான் அணையும், சத்தம் நிற்காது. அதனால்தான் இந்தப் பெட்டி எனக்குப் பிடிக்கும்.

இரண்டு இடத்தில் தகராறு வரலாம். ஒன்று, சில வால்வ் ஆம்ப்களின் லூப்புக்குத் தம் கிடையாது. பெட்டியைச் செருகியதும் சோலோ நிலையில்கூடச் சத்தம் அமுங்கினால் அந்த வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பாட்டை 100கே, ரெசிஸ்டரை 47கே என்று பத்து மடங்காக மாற்றுங்கள், பெட்டியை ஆம்ப்புக்குப் பக்கத்திலேயே வைத்து வயரைக் கட்டையாக எடுங்கள். இன்னொன்று, லூப்புக்குப் பக்கத்தில் "மிக்ஸ்" என்று ஒரு குமிழ் இருந்தால் அது பேரலல் லூப். சிக்னலில் ஒரு பங்கு உங்கள் பெட்டிக்கு வராமல் குறுக்கு வழியில் போய்க்கொண்டிருக்கும். குமிழை முழுசாகத் திருப்பி எல்லாவற்றையும் பெட்டி வழியாக விடுங்கள்.

லூப்பில் டிலே பெடல் வைத்திருந்தால் பெட்டி அதற்கு முன்னால் வரட்டும். சோலோ முடிந்து மிதித்ததும் கடைசி நோட்டின் எதிரொலி சோலோ சத்தத்திலேயே தேய்ந்து மறையும், அடியில் ரிதம் தொடங்கிவிடும். பெட்டி டிலேக்குப் பின்னால் இருந்தால் எதிரொலியும் சேர்ந்து சட்டென்று விழும். கேட்க அசிங்கமாக இருக்கும்.

செய்ய நேரமில்லை, வாங்கத்தான் வேண்டும் என்றால் பாஸ் ஜீஈ-7 மாதிரி ஒரு கிராபிக் ஈக்குவலைசரை லூப்பில் வையுங்கள். அதன் லெவல் பட்டன் 15 டெசிபல் ஏறும், 15 இறங்கும். 800 ஹெர்ட்ஸ் பட்டனைக் கொஞ்சம் தூக்கினால் சோலோ கீபோர்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். உங்கள் குழுவில் கீபோர்டுக்காரர் இரண்டு கையாலும் இழுத்து நிற்கிற பேட் (pad) சவுண்டை நிரப்புகிறவர் என்றால், வெறும் சத்தத்தைவிட இந்த மிட் (நடு ஓசை)தான் வேலை செய்யும். ஆனால் லூப்பின் சிக்னல் சில ஆம்ப்களில் பலமாக வரும். 9 வோல்ட்டில் ஓடுகிற பெடல் அங்கே கலங்கலாம். யாரிடமாவது ஒரு நாள் இரவல் வாங்கிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

எதைச் செய்வதற்கு முன்னாலும் ஒரு சோதனை. சின்னப் பேட்ச் வயர் ஒன்றை எடுத்துச் சென்ட்டிலிருந்து ரிட்டர்னுக்கு நேராகக் குத்துங்கள். திடீரென்று சத்தம் ஏறினாலோ, கரகரப்பு நின்று தெளிந்தாலோ உங்கள் ஆம்ப்புக்குப் பூஸ்ட்டே தேவையில்லாமல் இருக்கலாம். லூப்பில் ஒன்றும் செருகாதபோது ரிட்டர்ன் ஜாக்குக்குள் இருக்கிற ஒரு மெல்லிய தகடுதான் சிக்னலைக் கடத்துகிறது. மலைநாட்டு ஈரத்துக்கு அது கறுத்துப்போகும். ஆறு மாதம் மழையும் பனியும் குடிக்கிற காம்பராவில் ஆம்ப்பை நிலத்தில் வைத்தால் வேறென்ன ஆகும்? "சத்தம் வரவர இறங்குது" என்று என் மேசைக்கு வருகிற ஆம்ப்களில் நிறைய இந்தத் தகடுதான். கொன்டெக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து, ஒரு பிளக்கைப் பத்து இருபது தடவை குத்தி எடுத்தால் சரியாகிவிடும்.

இனி நீங்கள் கேட்ட வேலை, ஆம்ப்புக்குள்ளேயே வைப்பது. எதற்கு அது வேண்டும்? மேடை முன்வரிசையில் நீங்கள், ஆம்ப் டிரம்ஸுக்குப் பக்கத்தில், நடுவில் ஐந்து மீட்டர். வெளிப்பெட்டி என்றால் போகவும் வரவும் இரண்டு வயர், பத்து மீட்டர் சிக்னல் வயர். தம் இல்லாத லூப்புக்கு அது ஆகாது. ஆம்ப்புக்குள் ரிலே (கரண்ட் கொடுத்தால் தானே மாறுகிற சின்னச் சுவிட்ச்) வைத்தால் காலடிக்கு வருவது வெறும் கட்டளை வயர். அதில் இசை ஓடாது. மணி அடிக்கிற இரட்டை வயர்கூடப் போதும்.

இங்கே நான் ஒரு தடவை பட்ட அவமானத்தைச் சொல்லவேண்டும். ரிலே எல்லாம் எதற்கு என்று, கூட்டாளி ஒருவரின் ஆம்ப்பில் மாஸ்டர் வால்யூமின் நடுக்காலையே வயர் போட்டு வெளியே இழுத்து, ஐந்து மீட்டருக்கு அப்பால் ஒரு சாதாரணச் சுவிட்சில் கட்டிக் கொடுத்தேன். வீட்டில் மெதுவாகச் சோதித்தபோது ஏதோ சுமாராக இருந்தது. திருவிழா இரவு, தார்ப்பாய்க்குக் கீழே மேடை, ஜெனரேட்டர் ஓடுகிறது. ஆம்ப்பைப் போட்டதும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுகிற மாதிரி ஒரு சத்தம். ட்ரெபிளே இல்லை. கூடவே ஒரு பெரிய ஹம். யாராவது வயரை மிதித்தால் அந்த மிதியும் ஸ்பீக்கரில் கேட்டது. பாட்டுக்காரர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. பிறகு கணக்குப் போட்டேன். ஷீல்டு வயர் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிக்கோஃபாரட், ஐந்து மீட்டருக்கு 500. 1 மெக் பாட் நடுவில் நிற்கும்போது அதன் இம்பீடன்ஸ் 250கே. இரண்டும் சேர்ந்தால் 1300 ஹெர்ட்ஸுக்கு மேலே எல்லாம் இறங்க ஆரம்பிக்கும். கிட்டாரின் வெட்டு, அதாவது கூர்மையான ஓசை, முழுக்க அதுக்கு மேலேதான் இருக்கிறது. சிக்னல் ஆம்ப்பை விட்டு வெளியே வரக்கூடாது, சுவிட்ச்தான் சிக்னலிடம் போகவேண்டும். ரிலே செய்கிற வேலை அதுதான்.

சர்க்கிட் இது. இப்போதைய மாஸ்டர் பாட்டுக்குப் பக்கத்தில் அதே மதிப்பில் இன்னொரு பாட். இரண்டின் மேல் காலையும் சேர்த்துவிடுங்கள், கீழ்க் கால் இரண்டும் கிரவுண்டுக்கு. இரண்டின் நடுக்காலும் ரிலேயின் இரண்டு ஓரக் கொன்டெக்டுக்கு, ரிலேயின் நடுக் கொன்டெக்ட் பழைய மாஸ்டரின் நடுக்கால் எங்கே போனதோ அங்கே. அந்த நடுக் கொன்டெக்டிலிருந்து கிரவுண்டுக்கு 2.2 மெக் ரெசிஸ்டர் ஒன்று, ரிலே தாவுகிற அந்தக் கண நேரத்தில் அடுத்த வால்வ் அந்தரத்தில் தொங்காமல் இருக்க. இதைப் போடாமல் விட்டால் மிதிக்கும்போதெல்லாம் "டொப்" என்று கேட்கும்.

ரிலே சும்மா இருக்கும்போது பழைய மாஸ்டர் வேலை செய்யட்டும், அதைச் சோலோவாக வையுங்கள். ரிலே இழுக்கும்போது புதுப் பாட், அது ரிதம். வயர் அறுந்தாலும், சுவிட்சை வீட்டில் மறந்துவிட்டு வந்தாலும் ஆம்ப் கம்பெனி செய்த மாதிரியே வேலை செய்யும். நாளைக்கு விற்பதானாலும் வாங்குகிறவருக்கு விளக்கம் சொல்லவேண்டியதில்லை.

ரிலேக்குக் கரண்ட், வால்வுகளின் 6.3 வோல்ட் ஹீட்டர் லைனிலிருந்து எடுக்கலாம். நான்கு டயோடு பிரிட்ஜ், 1000 மைக்ரோ கெப்பாசிட்டர் ஒன்று. உச்சம் 8.9 வோல்ட், டயோடுகள் 1.4 தின்றபின் ஏறக்குறைய 7.5 மிஞ்சும். சின்ன 5 வோல்ட் சிக்னல் ரிலே, காயில் 178 ஓம் என்றால் 28 மில்லி ஆம்பியர் இழுக்கும், தொடராக 91 ஓம் போட்டால் கணக்குச் சரி. காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்று தலைகீழாக. கால் சுவிட்ச் இந்த ரிலே சர்க்கிட்டைத் திறந்து மூடும், வேறொன்றும் இல்லை. ஒன்று கவனம். ஹீட்டர் லைன் ஏற்கனவே எங்கேயாவது கிரவுண்டோடு கட்டப்பட்டிருக்கும். அதனால் உங்கள் பிரிட்ஜின் மைனஸ் பக்கத்தைச் சேஸியில் (ஆம்ப்பின் உலோகச் சட்டத்தில்) கட்டக்கூடாது. கட்டினால் டயோடு கருகும், அல்லது ஹம் வரும். கால் சுவிட்ச் ஜாக்கும் பிளாஸ்டிக் உடம்பு உள்ளதாக, சேஸியில் ஒட்டாததாக இருக்கவேண்டும்.

ரிலேக்குப் பதிலாக எல்ஈடியும் எல்டிஆரும் (வெளிச்சத்துக்கு ஏற்ப மதிப்பு மாறுகிற ரெசிஸ்டர்) முகத்துக்கு முகம் வைத்துக் கறுப்பு ஸ்லீவ் போட்டு மூடியும் செய்யலாம். எனக்கு அது இன்னும் பிடிக்கும். வெளிச்சம் அணைந்ததும் எல்டிஆர் மெதுவாகத்தான் ஏறும், அதனால் சத்தம் வழுக்கிக்கொண்டு மாறும், "டொப்" என்ற பேச்சே இல்லை. ஆனால் மதிப்பு ஒன்றுக்கொன்று ஒத்துவராது, இரண்டு மூன்று வாங்கி அளந்து பொறுக்கவேண்டும்.

திறப்பதற்கு முன் ஒரு வார்த்தை, இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். 40 வாட் வால்வ் ஆம்ப்புக்குள் 400 வோல்ட் அளவில் டிசி இருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டர்களில் அது தங்கும். 10கே 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரண்டு முனையிலும் இன்சுலேட்டட் கிளிப் மாட்டி, ஒவ்வொரு பெரிய கெப்பாசிட்டரையும் வடியவிட்டு, மீட்டர் வைத்துப் பூஜ்யத்துக்குப் பக்கம் வந்ததைப் பார்த்த பிறகுதான் விரல் வைக்கவேண்டும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆம்ப்பைப் போடவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபோர்மர் போய்விடும். வால்வ் ஆம்ப் திறந்து பழக்கமில்லை என்றால் பழகிய ஒருவரோடு உட்கார்ந்து செய்யுங்கள். வெளிப்பெட்டிக்கு இந்தப் பயம் எதுவும் கிடையாது, ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யலாம்.

எர்த் விஷயம் இதைவிடப் பெரிது. தோட்டத்து மேடைகளுக்கு லயத்திலிருந்தோ ஸ்டோரிலிருந்தோ வயர் இழுப்பார்கள். எர்த் முள் உடைந்த பிளக், எர்த்தே இல்லாத எக்ஸ்டென்ஷன், மழை ஈரத்தில் கிடக்கிற ஜொயின்ட். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கிட்டார் கம்பியில் கை, மைக்கில் உதடு. இரண்டும் வேறு வேறு லைனில் இருந்தால் அங்கே பளீரென்று அடிக்கும். வாசிக்க ஆரம்பிக்கும் முன் மீட்டரை ஏசியில் வைத்து ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் மறுமுனையை மைக் வலையிலும் பிடியுங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரைச் சரிபண்ணாமல் வாசிக்காதீர்கள். ஹம் நிற்கும் என்று எர்த்தைக் கழற்றச் சொல்கிறவர் பேச்சைக் கேட்கவே கேட்காதீர்கள்.

கரண்ட் பற்றியே இன்னொன்று. வீட்டில் செட் பண்ணின அளவு மேடையில் பொய்யாகிவிடும். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் நீளமான லைனின் கடைசி வீட்டில், எல்லாரும் அடுப்பும் லைட்டும் போட்ட மாலை நேரத்தில், என் மீட்டர் 200 காட்டியிருக்கிறது. வோல்ட் அந்த அளவு இறங்கினால் ஆம்ப்பின் பவர் அதன் வர்க்கத்தில் இறங்கும். உங்கள் 40 வாட் 30 வாட்டாகும். சோலோவுக்கு ஒதுக்கி வைத்த இடம் ஒரு டெசிபலுக்கு மேல் அங்கேயே போய்விடுகிறது. அதனால் மேடையில் கரண்ட் வந்த பிறகு, அங்கேயே ஒருமுறை செட் பண்ணுங்கள். முதலில் சோலோ. டிரம்ஸ், கீபோர்டு எல்லாரும் வாசிக்க, உயர்ந்த நோட்டில் ஒரு நீளமான சோலோ. அது கலங்காமல் தெளிவாக நிற்கிற உச்சத்தில் மாஸ்டரை நிறுத்துங்கள். பிறகு மிதித்து, ரிதம் வாசித்துக்கொண்டே பாட்டுக்காரர் குரலுக்குக் கீழே போகும்வரை பெட்டிப் பாட்டை இறக்குங்கள். 3 டெசிபல் என்பது ஆட்டக்காரர்களுக்கு நடுவில் கவனிக்கவே படாது. 10 என்றால் சபை காதைப் பொத்தும். 4, 5 போதும்.

ஆம்ப்புக்கு மைக் வைத்திருந்தால் மிக்ஸரில் இருக்கிறவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் சோலோ ஏறுகிற அந்தக் கணத்தில், ஏதோ பிசகு என்று நினைத்து அவர் ஃபேடரை இறக்குவார். பாவம், அது அவர் வேலை. அடுத்த பாட்டில் உங்கள் ரிதமே காணாமல் போயிருக்கும். ஆம்ப்பை நிலத்தில் வைக்காமல் ஒரு நாற்காலியில் தூக்கிச் சாய்த்து வைப்பதும் நல்லது. 12 அங்குல ஸ்பீக்கரின் வெட்டெல்லாம் நேர்கோட்டில் போகிற சாமான். இப்போது அது உங்கள் முழங்காலுக்குத்தான் சோலோ வாசித்துக்கொண்டிருக்கிறது.

பெட்டியை முதலில் செய்யுங்கள். இரண்டு மூன்று திருவிழா அதோடு ஓட்டுங்கள். நீள வயர் தொந்தரவாக இருந்தால் மட்டும் ரிலேக்கு வாருங்கள். சரியான இடம் பிடித்ததும் மாஸ்டர் குமிழிலும் பெட்டிக் குமிழிலும் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். மார்க்கர் பேனா வேண்டாம், பனி ஈரத்தில் கை பட்டாலே அழிந்துவிடும்.